காய்ச்சலும் குளிரும்: மல்லியா, நிலவேம்பா, பப்பாசி இலையா, வேது பிடிப்பதா?

மாரி தொடங்கி இரண்டு கிழமை போனால் வன்னியில் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுத்தான். பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, பின்னேரமானால் குளிர் வந்து நடுங்குகிறான், என்ன கொடுக்கலாம்? மல்லாவியிலிருந்து மச்சாள் போன கிழமை அழைத்துக் கேட்டதும் இதுதான். மாமியார் மல்லி அவிக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பப்பாசி இலையைப் பிடுங்கி வந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் பஸ்பங்குவ என்கிற மூலிகைச் சரக்குப் பொதியைக் காட்டுகிறார். சித்தப்பா நிலவேம்பைத் தவிர வேறெதையும் நம்பமாட்டார். "நாலு பேரும் நல்லதுக்குத்தான் சொல்லினம். நான் எதைக் குடுக்கிறது?" என்றாள்.

அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. எங்களுடையது வயல் செய்கிற குடும்பம். மூன்று தலைமுறையாக மூலிகை அவித்துக் குடித்து வந்திருக்கிறோம். அதே மூலிகையை நம்பிக் காத்திருந்து, ஒரு காலபோகத்தில், அதாவது மாரி நெற்போகத்தில், தம்பியை இழக்கப் பார்த்தோம். அந்த இரண்டு அனுபவமும் இதில் இருக்கும்.

## அம்மம்மா கண்ட காய்ச்சல் வேறு

அம்மம்மா காலத்தில் குளிரோடு வருகிற காய்ச்சல் என்றால் அது குலைப்பன் காய்ச்சல், அதாவது மலேரியா. குளமும் காடும் சூழ்ந்த இந்த மண்ணில் அது தொடாத வீடு குறைவு. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மாத்திரை கிடைப்பதே பெரும்பாடு. அந்த நாட்களில் வேலி நொச்சியும் முற்றத்து வேம்பும்தான் எங்களுக்கு மருந்துப் பெட்டி. எங்கள் ஆட்களுக்கு மூலிகைமேல் இருக்கும் நம்பிக்கை அப்படி வந்தது. அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் காய்ச்சல் மாறிவிட்டது. இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவருக்குக் குளிர்காய்ச்சல் என்றால் மட்டும் இன்றும் மலேரியாவுக்கு இரத்தம் பார்க்க வேண்டும்.

இப்போது மாரியில் நாங்கள் பயப்பட வேண்டியவை டெங்கும் எலிக்காய்ச்சலும். பற்றைக் காட்டுக்குள் போய் வருகிறவர்களுக்கு உண்ணிக் காய்ச்சலும் உண்டு. 2017இல் மட்டும் நாடு முழுவதும் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். 2024 இறுதியில் வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. இவை எல்லாமே முதல் இரண்டு நாளும் சாதாரணத் தடிமன் காய்ச்சல் மாதிரியே இருக்கும். தொட்டுப் பார்த்து இன்ன காய்ச்சல் என்று சொல்ல அம்மம்மாவாலும் முடியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

"எது காய்ச்சலை மாற்றும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை முதலில் தள்ளி வைத்துவிட வேண்டும். நாங்கள் வீட்டில் அவிக்கிற எதுவும் டெங்குவையோ எலிக்காய்ச்சலையோ மாற்றும் என்று நிறுவப்படவில்லை. சூட்டைக் குறைக்கப் பரசிட்டமோல் இருக்கிறது. எலிக்காய்ச்சலுக்கு நுண்ணுயிர்கொல்லி இருக்கிறது. டெங்குவுக்கு மருந்தே இல்லை, கணக்காக நீர் கொடுத்து ஆளைக் கண்காணிப்பதுதான் வைத்தியம். ஆகவே மூலிகையிடம் நான் கேட்பது வேறு நான்கு விஷயம்.

ஒன்று, அது உடம்புக்குள் நீரைச் சேர்க்கிறதா, சத்தியாக, அதாவது வாந்தியாக, வெளியே தள்ளுகிறதா. இரண்டு, வீட்டில் யாருக்கு அது ஆகாது: கர்ப்பிணி, கைக்குழந்தை, சலரோகம், பிரஷர். மூன்று, மழை கொட்டுகிற இரவில், பாதை வெள்ளத்தில் கிடக்கும்போது, அது கைக்கு எட்டுகிற பொருளா.

நான்காவதுதான் எனக்குப் பெரியது. அது எத்தனை நாளைத் தின்னும்? சில மருந்துகள் "இன்னும் மூன்று நாள் குடி, சரிவரும்" என்று எங்களை வீட்டில் இருத்திவிடுகின்றன. கடையில் கொடுக்கிற காசைக் காட்டிலும் அந்த மூன்று நாள்தான் மருந்தின் உண்மையான விலை.

## மல்லி, வேர்க்கொம்புத் தண்ணி

ஒரு கைப்பிடி கொத்தமல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பை (சுக்கு) தட்டிப் போட்டு, ஆறு கோப்பைத் தண்ணீர் நாலாக வற்றும்வரை கொதிக்க விட்டு வடிப்பது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். இல்லாத வீடு இல்லை, செலவும் இல்லை. சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்தால் இரவு எழும்பும்போது கொடுக்கலாம்.

இதன் பலம் மல்லியைக் காட்டிலும் தண்ணீரில் இருக்கிறது என்பது என் எண்ணம். காய்ச்சல்காரருக்கு வெறுந்தண்ணீர் இறங்காது. இளஞ்சூடாய், வாசமாய், சிறிது இனிப்பாய் இருந்தால் இறங்கும். டெங்கு சந்தேகத்தோடு வீட்டில் இருக்கிற வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2500 மில்லிலீற்றர் நீராகாரம் போகவேண்டும் என்பது இங்கே வைத்தியர்கள் சொல்லும் அளவு. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்குக் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். பெரியவருக்கு அது பன்னிரண்டு கோப்பைக்கு மேல். அதில் நாலைந்து கோப்பை மல்லித் தண்ணியாக இருக்கலாம். மிச்சத்தை உப்புப் போட்ட கஞ்சி, இளநீர், தோடம்பழச் சாறு, ஜீவனிக் கரைசல் (கடையில் கிடைக்கிற உப்பு, சீனித் தூளைக் கரைத்தது) என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். வெறுந்தண்ணீரையே வயிறு முட்டக் கொடுப்பதும் சரியில்லை, உப்பும் சீனியும் சேர்ந்து போகவேண்டும். வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பவர்களுக்கு, மல்லி அவிப்பதில் இன்னொரு நன்மையும் கூடவே வருகிறது.

மறைந்திருக்கிற சிக்கல் ஒன்று உண்டு, அது நிறம். டெங்குவில் உள்ளே இரத்தம் கசிந்தால் சத்தி கோப்பிக் கொட்டை அரைத்தது மாதிரி மண்ணிறமாக வரும். வறுத்த மல்லியைத் தேத்தண்ணிக் கறுப்பில் வற்றக் காய்ச்சி, அதோடு பனங்கட்டியும் கொடுத்திருந்தால், சத்தியைப் பார்த்து இரத்தமா கசாயமா என்று பிரிக்க முடியாது. சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான். எங்கள் வீட்டில் இப்போது இரண்டாம் நாளுக்குப் பிறகு மல்லியை வறுக்காமல், வெளிறலாக அவித்து, பனங்கட்டிக்குப் பதில் கற்கண்டு போடுகிறோம். சலரோகக்காரருக்கு இனிப்பு வேண்டாம். வயிற்றுப் புண் உள்ளவருக்கு வேர்க்கொம்பைக் குறைக்க வேண்டும்.

நாளைத் தின்னுமா என்றால், மல்லி மிகக் குறைவாகத் தின்னும். மல்லித் தண்ணி குடித்துவிட்டு "மருந்து எடுத்தாச்சு" என்று யாரும் நிம்மதியாக இருப்பதில்லையே. அதனாலேயே எனக்கு இது முதலாவது.

இதோடு ஒரு பழமொழியையும் பார்த்துவிடலாம். "இலங்கணம் பரம ஔடதம்" என்று பட்டினி போடுவார்கள். சோறு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், காய்ச்சலில் பசி எடுக்காது. தண்ணீரையும் கஞ்சியையும் நிறுத்தினால் அது ஆபத்து.

## கடைப் பொதிகள்

பஸ்பங்குவ என்ற பெயரில் கிளிநொச்சிக் கடைகளிலும் தொங்குகிற பொதியில் ஐந்து சரக்கு இருக்கும்: மல்லி, வேர்க்கொம்பு, பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள். மல்லித் தண்ணியின் கசப்பான தமக்கை என்று வைத்துக்கொள்ளலாம். சரக்குகளைத் தேடி அலைய வேண்டியதில்லை, அளவும் போட்டிருக்கிறது. ஆனால் மரமஞ்சள் சேர்வதால் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது. அதிலுள்ள பெர்பெரின் என்ற பொருள் பிறந்த பிள்ளையின் மஞ்சள் காமாலையைக் கூட்டக்கூடியது. மரமஞ்சள் ஈரவலயக் காட்டுக் கொடி, மெதுவாக வளர்வது, வெட்டி வெட்டி அருகிவருகிறது. வெறும் தடிமனுக்கு அதைச் செலவழிக்க எனக்கு மனம் வராது.

சமஹன் போன்ற கரைத்துக் குடிக்கிற பொடிகள் பயணத்துக்கு நல்லது. சீனி கலந்தவை என்பதைச் சலரோகக்காரர் மறக்கக்கூடாது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

## நிலவேம்பு

இது சித்தப்பாவின் மருந்து. ஒரு காலத்தில் என்னுடையதும்.

முதலில் பெயர்ச் சிக்கல். இலங்கையில் நிலவேம்பு என்ற பெயரில் இரண்டு செடி நடமாடுகிறது. தமிழ்நாட்டில் நிலவேம்பு என்பது, சிங்களத்தில் ஹீன் பின்கொஹொம்ப என்கிற செடி. பழைய இலங்கை ஏடுகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் அதே பெயரில் வருகிற மற்றது பின்கொஹொம்ப, முற்றிலும் வேறு குடும்பம். இரண்டாவது அரிது, விலையும் கூட. அதனால் அதன் பெயரில் முதலாவதையே பல இடத்தில் விற்கிறார்கள். இரண்டும் கசக்கும், காய்ந்து நொறுங்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எதைக் குடிக்கிறோம் என்று தெரியாமல் அளவு பேசுவதில் என்ன பயன்?

தமிழ்நாட்டு அரசு டெங்குக் காலத்தில் விநியோகித்த நிலவேம்புக் குடிநீர் தனிச் செடி இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று ஒன்பது சரக்கின் கூட்டு. செய்தியில் அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒற்றை இலையைப் பிடுங்கி அவித்து, "அரசாங்கமே கொடுத்த மருந்து" என்று சொல்வது பொருந்தாது.

கசப்பு அடுத்தது. பெரியவர்கள் மூக்கைப் பிடித்துக் குடித்துவிடுவார்கள். பிள்ளைகள் அரைக் கோப்பையைக் குடித்து ஒரு கோப்பையைச் சத்தி எடுப்பார்கள். உள்ளே போனதைவிட வெளியே போனது கூட. நிலவேம்பு இரத்த அழுத்தத்தையும் சீனியையும் இறக்கக்கூடியது, இரத்தம் உறைவதையும் தாமதிக்கக்கூடியது. பிரஷர் மாத்திரையும் சலரோக மாத்திரையும் எடுக்கிற அப்பா அம்மாவுக்கு, சாப்பாடும் இறங்காத காய்ச்சல் நாளில் அதையும் சேர்த்துக் கொடுத்தால் தலைசுற்றி விழுந்துவிடுவார்கள். கர்ப்பிணிக்கு அறவே கூடாது.

இனி எங்கள் கதை. தம்பி காலபோக வயலில் இருந்து வந்து மூன்றாம் கிழமை குளிரும் காய்ச்சலுமாகப் படுத்தான். தலையிடி, நாரி உளைவு, கெண்டைக்கால் தொடவே முடியாத நோவு. உழவு இயந்திரத்தோடு நின்ற அலுப்பு என்று நினைத்தோம். நிலவேம்பை நானேதான் அவித்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் வேர்த்துச் சூடு இறங்கியது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் அவன் கண் சிவந்திருந்தது, பீளை இல்லை. காலையில் இருந்து சலம் போகவில்லை என்று அவன் சொன்னது மத்தியானம்தான். 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்ச் சேர்த்தோம். எலிக்காய்ச்சல், சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நிலவேம்பு அவனுக்கு ஒரு கேடும் செய்ததாக யாரும் சொல்லவில்லை. அது எங்கள் நாலு நாளை வாங்கிக்கொண்டது. எலிக்காய்ச்சலுக்கு மருந்து தொடங்க அந்த நாலு நாள்தான் பொன்.

நிலவேம்பைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கசப்பு மரம் காய்ச்சலை மாற்றிய வரலாறு எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைப் பூங்கா 1861இல் சின்கோனா மரம் நடவே தொடங்கப்பட்டது. அந்த மரத்தின் பட்டையிலிருந்து வந்த குயினைன்தான் குலைப்பனுக்கு மருந்தானது. எந்த மரம், எந்தக் காய்ச்சலுக்கு, எவ்வளவு என்று அளந்து பார்த்ததால் அது மருந்தானது. நிலவேம்புக்கும் அந்த அளவும் கவனமும் வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

## பப்பாசி இலைச் சாறு

டெங்கு என்று காதில் விழுந்ததும் பப்பாசி மரம் மொட்டையாகிவிடும். இலைச் சாறு இரத்தத் தட்டுக்களைக் கொஞ்சம் வேகமாக ஏற்றுவதாகச் சிறு ஆய்வுகள் சில உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் டெங்குவில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் தட்டுக் குறைவு இல்லை. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் தடித்து, அழுத்தம் விழுவதுதான். அந்தக் கசிவு அநேகமாகக் காய்ச்சல் விடுகிற நேரத்தில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தொடங்கி, ஒன்று இரண்டு நாள் நிற்கும். பிள்ளைக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது, சாறு வேலை செய்துவிட்டது என்று வீட்டார் மூச்சு விடுகிற அதே பொழுது. சாற்றுக்கும் கசிவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அதைவிட, பச்சைச் சாறு வயிற்றைக் குமட்டும். சத்தி எடுத்தால் நீர் போகும். விடாத சத்தி டெங்குவின் ஆபத்து அறிகுறிகளில் ஒன்று, அப்போது சத்தி நோயால் வந்ததா சாறால் வந்ததா என்று வார்டில் நிற்கிற வைத்தியருக்கும் குழப்பம். கர்ப்பிணிக்கு வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கும் வேண்டாம்.

பப்பாசி எப்போது சரி? ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருக்கும்போது, வைத்தியரிடம் சொல்லிவிட்டு, வயிறு தாங்கினால், சிறிதளவு. வீட்டில் வைத்தியத்துக்குப் பதிலாக என்றால் ஒருபோதும் வேண்டாம். நாளைத் தின்னுவதில் இதுதான் முதலிடம். "டெங்கு மருந்து கொடுத்தாச்சு" என்ற நிம்மதியைக் கொடுத்துவிடுகிறது அல்லவா?

## வேது பிடித்தல்

நொச்சி, வேப்பிலை, தேசி இலை, ஆடாதோடை, பாவட்டை. எல்லாவற்றையும் பானையில் கொதிக்க வைத்துப் போர்வைக்குள் முகத்தைக் கொடுப்பது. மூக்கடைப்புக்கும் தலைப்பாரத்துக்கும் இதைப்போல ஆறுதல் வேறில்லை. நொச்சி வாசம் மூக்கில் ஏறியதும் கண்ணீரோடு பாதி வருத்தம் இறங்கிவிடும். தடிமன் என்றால் நான் இன்றும் வேதுதான் பிடிக்கிறேன்.

குளிரும் நடுக்கமுமான காய்ச்சலுக்கு இது பொருந்தாது. குளிர் எடுக்கும்போது உடம்பு சூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் ஆவியையும் கொடுத்தால் வேர்வையாக இன்னும் நீர் போகும். நடுங்கும்போது மெல்லிய போர்வை போதும். நடுக்கம் நின்று உடம்பு காய்ந்ததும் அதையும் எடுத்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கலாம்.

இதன் மறைவான செலவு தீக்காயம். சிறு பிள்ளையைப் போர்வைக்குள் இழுத்து வைத்து, பானை சரிந்து, காய்ச்சலுக்கு வந்த பிள்ளை தொடை வெந்து போவது நடக்கிற விஷயம். பானையை அடுப்பிலிருந்து இறக்கி, நிலத்தில் ஆடாமல் வைத்து, பெரியவர்கள் மட்டும் பிடிக்க வேண்டும். முட்டு வருத்தம் உள்ளவருக்கு ஆவியும் கடும் வாசமும் இழுப்பைக் கிளப்பக்கூடும்.

## பரியாரியாரும் சித்த மருந்தகமும்

வீட்டில் நாங்களே அவிப்பதையும் படித்த சித்த வைத்தியர் நாடி பார்த்துக் கொடுக்கும் குடிநீரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியமும் வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் பட்டம் படித்து வெளியேறியவர்கள் வடக்கின் அரச மருந்தகங்களில் இருக்கிறார்கள். அங்கே மருந்து இலவசம். எந்த நிலவேம்பு என்ற குழப்பம் அவர்களுக்கு இருக்காது. வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள், மூன்றாம் நாள் இரத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்லவும் செய்வார்கள். அப்படிச் சொல்கிறவரை நம்பிப் போகலாம்.

ஊரில் தலைமுறையாகப் பார்க்கிற பரியாரியார்களில் கைராசிக்காரர் இருக்கிறார்கள். சுளுக்குக்கும் பாம்புக்கடிக்கும் ஊரே அவர்களிடம் போன காலம் உண்டு. காய்ச்சலுக்குப் போனால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கொடுக்கிற தூளில் என்ன இருக்கிறது? செந்தூரம், பற்பம் வகைகளில் பாதரசம் போன்ற உலோகங்கள் சேரும். சிறுநீரகம் ஏற்கெனவே திண்டாடுகிற காய்ச்சலில் அவை வேண்டாம். தூரமும் ஒரு செலவுதான். துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ மழைக்குள் ஒரு பயணம் போக முடிந்தால், இரத்தம் சோதிக்கிற இடத்துக்கே அந்த முதல் பயணம் இருக்கட்டும்.

சீந்தில் கொடியைப் பற்றியும் பலர் கேட்டார்கள். எங்கள் வேலிகளில் தாராளமாகப் படர்கிறது, பழைய காய்ச்சல் குடிநீர்களில் சேரும். ஆனால் கொரோனாக் காலத்தில் இந்தியாவில் நாட்கணக்காகச் சீந்தில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. டெங்குவும் எலிக்காய்ச்சலும் கல்லீரலைத் தொடுகிறவை. எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | நீர் சேருமா | யாருக்கு ஆகாது | கைக்கு எட்டுமா | நாளைத் தின்னுமா |
|---|---|---|---|---|
| மல்லி, வேர்க்கொம்பு | நன்றாகச் சேரும் | வயிற்றுப் புண்ணுக்கு வேர்க்கொம்பு குறைவாக | எந்த வீட்டிலும் | மிகக் குறைவு |
| பஸ்பங்குவ | ஓரளவு | கர்ப்பிணி, கைக்குழந்தை | கடையில் | குறைவு |
| நிலவேம்பு | கசப்பால் சத்தி வரலாம் | கர்ப்பிணி, பிள்ளைகள், பிரஷர், சலரோக மருந்து எடுப்பவர் | எந்தச் செடி என்பதே கேள்வி | கூட |
| பப்பாசி இலை | குமட்டலால் போகலாம் | கர்ப்பிணி, இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர் | முற்றத்தில் | மிகக் கூட |
| வேது | வேர்வையாகப் போகும் | சிறு பிள்ளை, முட்டு வருத்தம் | வேலியில் | குறைவு |
| சித்த மருந்தகக் குடிநீர் | வைத்தியர் பார்த்துக் கொடுப்பார் | வைத்தியர் கேட்டுத் தீர்மானிப்பார் | பகலில், தூரம் | வைத்தியரைப் பொறுத்தது |

குடிநீர் எதுவானாலும் காலையில் அவித்ததை இரவுக்கு வைக்காதீர்கள். சித்த மருத்துவ வழக்கில் குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், மூன்று மணி நேரம். சுடுதண்ணிப் போத்தல் இருந்தாலும் அந்தக் கணக்கிலேயே புதிதாக அவித்து ஊற்றிக்கொள்வோம்.

## உங்கள் வீட்டுக்கு எது

மூக்கால் ஓடுகிறது, தொண்டை கரகரக்கிறது, சூடு இலேசாக இருக்கிறது, ஆள் எழும்பி நடமாடுகிறார் என்றால் மல்லித் தண்ணியும் இரவில் வேதும். பஸ்பங்குவ விருப்பம் என்றால் அதுவும் சரி.

தடிமன் இல்லாமல் திடீரென்று கொதிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்றால் மல்லி, கஞ்சி, இளநீர், பரசிட்டமோல். வளர்ந்தவர் 500 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். பிள்ளைக்கு நிறைக்கேற்ற அளவை வைத்தியரிடம் கேளுங்கள். அஸ்பிரின், புரூபன், டைக்குளோபெனாக் போன்ற நோ மாத்திரைகளை எவ்வளவு உளைந்தாலும் தொடவேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் தொடங்கிய நேரத்தைக் கலண்டரில் எழுதி, மூன்றாம் நாள் முழுக் குருதிக் கலப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிக்கும் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் மூன்றாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம், முதல் நாளே கொண்டுபோங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு மூலிகை எதுவும் வேண்டாம், தேனும் வேண்டாம், தாய்ப்பால் போதும்.

கடந்த ஒரு மாதத்துக்குள் சேற்றில், வாய்க்காலில், வெள்ளத்தில் கால் வைத்தவருக்குக் குளிர்காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் என்றால், மூன்றாம் நாள் கணக்கும் வேண்டாம். அன்றைக்கே போய், "நான் வயலில் நின்றனான்" என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கக்கத்திலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது மாதிரிக் கறுத்த பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள், உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது.

வயிறு கடுமையாக நோவது, விடாத சத்தி, பல் முரசில் இரத்தம், கை கால் குளிர்ந்து போவது, ஆறு மணி நேரமாகச் சலம் போகாமல் இருப்பது, பிள்ளை சோர்ந்து கண் திறக்காமல் கிடப்பது. இதில் ஒன்று கண்டாலும் அடுப்பில் கொதிப்பதை இறக்கி வைத்துவிட்டு 1990க்கு எடுங்கள், இரவென்றாலும். ஆஸ்பத்திரியில் என்ன அவித்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நான் அன்றைக்குப் பேச்சுக்குப் பயந்து நிலவேம்பைச் சொல்லவில்லை, இரண்டாம் நாள்தான் சொன்னேன். பேசவில்லை, எழுதிக்கொண்டார்கள்.

மச்சாளின் மகனுக்கு வெறும் தடிமன் காய்ச்சல்தான். மூன்றாம் நாள் இரத்தம் பார்த்தார்கள், நல்லபடி வந்தது. மல்லி குடித்தான், பப்பாசி இலை ஆட்டுக்குப் போனது. தம்பி இந்த முறையும் விதைப்புக்கு இறங்கியிருக்கிறான். எலிக்காய்ச்சல் வராமல் இருக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வயல்காரருக்குக் கொடுக்கிற டொக்சிசைக்கிளினைக் கிழமைக்கு ஒருமுறை விழுங்குகிறான், காலில் புண் இருந்தால் வரம்போடு நின்றுவிடுகிறான். பின்னேரம் வந்து கால் கழுவியதும் மல்லித் தண்ணி கேட்பான். வறுக்காமல் அவித்தால் ருசி இல்லையாம். காய்ச்சல் இல்லாத நாள்தானே, வறுத்தே அவித்துக் கொடுக்கிறேன்.